அரசியல் ஒட்டோவியம்

அரசியல் ஒட்டோவியம் என்பது செய்தித்தாள், இதழ், ஒளிப்படம், சுவரொட்டி, அரசு ஆவணம் முதலியவற்றிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளை ஒரு தளத்தில் ஒட்டி, கலைஞர் தம் காலத்தில் கண்ட ஓர் அரசியல் நெருக்கடியைப் பதிவு செய்யும் கலைவடிவம் ஆகும். போர், புரட்சி, இனக்கலவரம், இடப்பெயர்வு, சர்வாதிகாரம் ஆகியவை இதன் முதன்மையான பொருள்களாக இருந்து வந்துள்ளன. முதல் உலகப் போருக்குப் பின் செருமனியின் பெர்லின் நகரில் இவ்வடிவம் தெளிவான உருவம் பெற்றது. இந்தியாவிலும் இலங்கையிலும் 1990களுக்குப் பின் குறிப்பிடத்தக்க படைப்புகள் இம்முறையிலும், இதனை ஒட்டிய முறைகளிலும் உருவாகியுள்ளன.

ஓவியர் ஒருவர் நிகழ்வைத் தம் கையால் வரையும்போது அது அவருடைய கூற்று ஆகின்றது. ஒட்டோவியத்தில் நிகழ்வின் துண்டே படத்திற்குள் வந்துவிடுகின்றது. அன்றைய நாளிதழின் தாள், அதன் எழுத்துரு, அதில் அச்சான முகம் ஆகியவை சான்றுப் பொருள்களாகவே இடம்பெறுகின்றன. சான்றாகவும் கருத்தாகவும் ஒரே நேரத்தில் நிற்பது இக்கலையின் தனித்தன்மை ஆகும். இக்கலை குறித்த விவாதங்கள் பலவற்றுக்கும் இதுவே காரணம்.

பெயரும் வகைகளும்

ஒட்டுதல் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து கொலாஜ் என்னும் பெயர் தோன்றியது. தமிழில் ஒட்டோவியம், ஒட்டுச்சித்திரம், ஒட்டுப்படம் எனப் பலவாறு வழங்கப்படுகின்றது. ஒட்டப்படும் பொருளையும் முறையையும் கொண்டு இது பின்வருமாறு வகைப்படுத்தப்படும்.

- தாள் ஒட்டோவியம்: நாளிதழ், வண்ணத்தாள், சுவர்த்தாள் போன்றவற்றை ஒட்டி ஆக்குவது.
- ஒளிப்பட ஒட்டோவியம்: ஒளிப்படத் துண்டுகளைச் சேர்த்து ஆக்குவது. ஒட்டிய படத்தை மீண்டும் ஒளிப்படம் எடுத்து அச்சிடுவதும் உண்டு. போட்டோமான்டாஜ் என்று அறியப்படுவது இதுவே.
- பொருட்கூட்டு: மரம், தகரம், ஆணி, துணி, வீட்டுப் பொருள்கள் ஆகியவற்றை இணைத்து முப்பரிமாணத்தில் ஆக்குவது.
- எண்ணிம ஒட்டோவியம்: கணினி மென்பொருளைக் கொண்டு படிமங்களை அடுக்கி ஆக்குவது.

செய்முறை

ஒட்டோவியம் செய்யத் தேவையான கருவிகள் மிகச் சில. கத்தரிக்கோல் அல்லது கூரிய கத்தி, பசை, கெட்டியான அட்டை, பழைய இதழ்கள் ஆகியவை போதும். வண்ணமும் தூரிகையும் வாங்க இயலாத நெருக்கடிக் காலத்திலும் இக்கலை செழித்ததற்கு இந்த எளிமை ஒரு காரணம் ஆகும்.

பொதுவாக நான்கு படிகள் பின்பற்றப்படுகின்றன. முதலில் துண்டுகள் திரட்டப்படுகின்றன. அடுத்து, ஒவ்வோர் உருவமும் அதன் பின்னணியிலிருந்து வெட்டிப் பிரிக்கப்படுகின்றது. மூன்றாவதாக, பசையின்றித் துண்டுகளை அட்டையின் மேல் பரப்பி, இடமாற்றி, அளவுகளை ஒப்பிட்டு அமைப்பு முடிவு செய்யப்படுகின்றது. இறுதியாக, அடியில் இருக்க வேண்டியவற்றிலிருந்து தொடங்கி மேலடுக்கு வரை ஒட்டப்படுகின்றன.

இவற்றுள் மூன்றாவது படியே பொருளைத் தீர்மானிக்கின்றது. ஓர் அமைச்சரின் தலையை ஒரு நடனமாதின் உடலின் மேல் வைத்தால், இரண்டு படங்களிலும் தனித்தனியே இல்லாத ஒரு மூன்றாவது பொருள் தோன்றுகின்றது. அளவு மாற்றமும் இவ்வாறே செயற்படுகின்றது. நாளிதழின் மூலையில் சிறிதாக வந்த முகத்தைப் படத்தின் நடுவே வைப்பதன் மூலம், செய்தி ஆசிரியர் அளித்த முதன்மையைக் கலைஞர் மாற்றி அமைக்கின்றார்.

முன்னோடி மரபுகள்

ஓவியத் தளத்தின் மேல் பிற பொருள்களை ஒட்டும் வழக்கம் தமிழகத்துக்குப் புதியது அன்று. தஞ்சாவூர் ஓவியங்களில் சுதை போன்ற கலவையால் மேடாக்கப்பட்ட பகுதிகளில் தங்கத் தகடும் கண்ணாடிக் கற்களும் பதிக்கப்படுகின்றன. செட்டிநாட்டு வீடுகளில் காணப்படும் பழைய அச்சோவியங்கள் சிலவற்றில் தெய்வ உருவங்களுக்குத் துணி, சரிகை, மணி ஆகியவை ஒட்டி அலங்கரிக்கப்பட்டுள்ளன. எனினும் இவற்றின் நோக்கம் வழிபாடும் அழகும் ஆகும். ஒட்டப்பட்ட பொருள் தான் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்வையாளருக்கு நினைவூட்ட வேண்டும் என்னும் கருத்து இம்மரபுகளில் இல்லை.

அக்கருத்து 1912 இல் பாரிசு நகரில் தோன்றியது. அவ்வாண்டு பாப்லோ பிக்காசோ, நாற்காலிப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டில் ஜார்ஜ் பிராக் சுவர்த்தாள் துண்டுகளை ஒட்டினார். 1912 அக்டோபரில் முதலாம் பால்கன் போர் தொடங்கியபின், அப்போர்ச் செய்திகள் அச்சான நாளிதழ்த் துண்டுகளைப் பிக்காசோ பயன்படுத்தினார். இவை அரசியல் நோக்குடன் தேர்ந்தெடுக்கப்பட்டவையா, கையில் கிடைத்த தாள்களா என்பதில் கலை வரலாற்றாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

பெர்லின்: 1918 – 1933

1918 நவம்பர் 9 அன்று செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லெம் பதவி இழந்தார், குடியரசு அறிவிக்கப்பட்டது. 1919 சனவரியில் பெர்லினில் இடதுசாரி எழுச்சி ஒடுக்கப்பட்டு, அதன் தலைவர்களான ரோசா லக்சம்பர்க்கும் கார்ல் லீப்னெக்டும் சனவரி 15 அன்று கொல்லப்பட்டனர். அதே மாதம் 19 அன்று நடைபெற்ற தேர்தலில் செருமானியப் பெண்கள் முதன்முறையாகத் தேசிய அளவில் வாக்களித்தனர். ஆகஸ்ட் மாதத்தில் வைமார் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. இவையனைத்தும் பத்து மாதங்களுக்குள் நிகழ்ந்தன. இந்நிகழ்வுகளின் நடுவே வாழ்ந்த பெர்லின் டாடா இயக்கக் கலைஞர்களே ஒளிப்பட ஒட்டோவியத்தை அரசியல் கருவியாக ஆக்கினர். அவர்களுள் ஹன்னா ஹோக், ரவூல் ஹவுஸ்மன், ஜான் ஹார்ட்ஃபீல்ட், ஜார்ஜ் குரோஸ் ஆகியோர் முக்கியமானவர்கள்.

ஹன்னா ஹோக்

ஹன்னா ஹோக் (1889 – 1978) 1916 முதல் 1926 வரை பெர்லினின் பெரிய வெளியீட்டு நிறுவனமான உல்ஸ்டைனில், பெண்கள் இதழ்களுக்கான பின்னல், பூத்தையல் வடிவங்களை வரையும் பணியில் இருந்தார். பரவலாக விற்பனையான பெர்லினர் இல்லுஸ்ட்ரீர்ட்டே சைட்டுங் என்னும் படச்செய்தி வார இதழை வெளியிட்டதும் அந்நிறுவனமே. இதனால் அவருடைய பணியிடமே அவருக்கு மூலப்பொருள்களின் களஞ்சியமாக அமைந்தது.

1919 ஆகஸ்டில் அவ்விதழின் அட்டையில் குடியரசுத் தலைவர் பிரீட்ரிக் ஈபர்ட்டும் பாதுகாப்பு அமைச்சர் குஸ்டாவ் நோஸ்கேயும் நீச்சல் உடையில் கடற்கரையில் நிற்கும் ஒளிப்படம் வெளியானது. ஈபர்ட் பதவிப் பிரமாணம் எடுத்த அதே வாரத்தில் வந்த இப்படம் பெரும் ஏளனத்துக்கு உள்ளானது. ஹோக் இவ்விருவரின் உருவங்களையும் வெட்டியெடுத்து, பூவும் வண்ணத்துப்பூச்சியும் கொண்ட பூத்தையல் வடிவத்தாளின் மேல் ஒட்டினார். "நாட்டுத் தலைவர்கள்" எனப் பொருள்படும் தலைப்புடைய இப்படைப்பில், சனவரி எழுச்சியைப் படைகொண்டு அடக்கிய அரசின் தலைவர்கள், வீட்டுப் பெண்களின் கைவேலைத் தாளின் நடுவே நிற்கின்றனர்.

அவருடைய மிகப் புகழ்பெற்ற படைப்பு 1919 – 1920 காலப்பகுதியில் ஆக்கப்பட்டது. வைமார் செருமனியின் தொப்பை வயிற்றுப் பண்பாட்டுக் காலத்தைச் சமையலறைக் கத்தியால் வெட்டுவதாக அதன் நீண்ட தலைப்பு அமைந்துள்ளது. 114 செ.மீ. உயரமும் 90 செ.மீ. அகலமும் கொண்ட இது, பெர்லின் தேசிய கலைக்கூடத்தின் தொகுப்பில் உள்ளது. இதன் முக்கியக் கூறுகள் பின்வருமாறு:

- வலப்புற மேற்பகுதியில் பேரரசர் வில்லெமின் பெரிய முகம் உள்ளது. அவருடைய மீசை இரு மற்போர் வீரர்களின் உருவத்தால் ஆனது.
- படைத்தலைவர் ஹிண்டன்பர்கின் தலை ஒரு நடனமாதின் உடலின் மேல் வைக்கப்பட்டுள்ளது.
- இடப்புற மேற்பகுதியில் அறிவியலாளர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் முகம் உள்ளது.
- நடுவில் தலையற்ற நடனமாது ஒருவரின் உடலும், அதற்கு மேலே ஓவியர் கேதே கோல்விட்சின் தலையும் மிதக்கின்றன.
- கீழ்ப்பகுதியில் கார்ல் மார்க்சு, லெனின் ஆகியோரின் முகங்கள் டாடா கலைஞர்களின் முகங்களோடு கலந்து நிற்கின்றன.
- பற்சக்கரங்களும் உருளைகளும் படம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன.
- வலப்புறக் கீழ்மூலையில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்த ஐரோப்பிய நாடுகளைக் காட்டும் நிலப்படம் உள்ளது. அதன் ஓரத்தில் ஹோக் தம் முகத்தை மிகச் சிறியதாக ஒட்டியுள்ளார்.

மற்ற கலைஞர்கள் படத்தின் மூலையில் கையொப்பமிடும் இடத்தில், ஹோக் தாம் எங்கு நின்று இவற்றையெல்லாம் பார்த்தார் என்பதைக் குறித்துள்ளார் என இது விளக்கப்படுகின்றது. தலைப்பில் வரும் சமையலறைக் கத்தியும் இத்தகைய குறிப்பே ஆகும். ஆண்களின் அரசியலைப் பெண்களின் கருவியொன்று வெட்டித் திறக்கின்றது.

1920 சூன் இறுதியில் தொடங்கிய முதலாவது பன்னாட்டு டாடா கண்காட்சியில் இப்படைப்பு வைக்கப்பட்டது. ஹோக் அதில் பங்கேற்பதைக் குரோசும் ஹார்ட்ஃபீல்டும் முதலில் எதிர்த்தனர். ஹவுஸ்மன் தாமும் விலகிக் கொள்வதாகக் கூறிய பின்னரே எதிர்ப்பு கைவிடப்பட்டது.

நாட்சி ஆட்சியில் ஹோக்கின் கலை தடை செய்யப்பட்ட வகையில் சேர்ந்தது. அவர் 1939 இல் பெர்லினின் ஓரத்திலிருந்த ஹைலிகன்சே என்னும் இடத்தில் சிறு வீடொன்றில் குடியேறி, தம் படைப்புகளோடு நண்பர்களின் டாடா ஆவணங்களையும் மறைத்துக் காத்தார். பெர்லின் டாடா குறித்து எஞ்சியுள்ள சான்றுகளுள் பெரும்பங்கு அவரால் காக்கப்பட்டதாகும்.

ஜான் ஹார்ட்ஃபீல்ட்

ஜான் ஹார்ட்ஃபீல்ட் (1891 – 1968) செருமானியர். இயற்பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்ஃபெல்ட். முதல் உலகப் போரின்போது செருமனியில் பரவிய ஆங்கிலேய வெறுப்புக்கு எதிர்ப்பாக 1916 இல் தம் பெயரை ஆங்கில வடிவத்துக்கு மாற்றிக் கொண்டார். ஹோக்கின் படைப்புகள் கண்காட்சிச் சுவர்களுக்காக ஆக்கப்பட்டவை. ஹார்ட்ஃபீல்டோ அச்சகத்துக்காக வேலை செய்தார். 1930 முதல் 1938 வரை தொழிலாளர் பட இதழொன்றில் இருநூறுக்கும் மேற்பட்ட ஒளிப்பட ஒட்டோவியங்களை வெளியிட்டார்.

1932 இல் வெளியான ஒன்றில், மேடையில் முழங்கும் ஹிட்லரின் உடல் ஊடுகதிர்ப் படமாகக் காட்டப்பட்டுள்ளது. முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் பொற்காசுகள் அடுக்கப்பட்டுள்ளன. 1935 திசம்பரில் வெளியான மற்றொன்றில், ஒரு குடும்பம் உணவு மேசையில் அமர்ந்து மிதிவண்டிப் பாகங்களையும் இரும்புச் சங்கிலிகளையும் உண்கின்றது. இரும்பு நாட்டை வலிமையாக்கும், வெண்ணெய் மக்களைக் கொழுக்க வைக்கும் என்னும் பொருளில் ஹெர்மன் கோரிங் ஆற்றிய உரைக்கு இது மறுமொழி ஆகும்.

1933 ஏப்ரலில் நாட்சிப் படையினர் தம் குடியிருப்புக்குள் நுழைந்தபோது ஹார்ட்ஃபீல்ட் மாடத்திலிருந்து குதித்துத் தப்பி, பிராகா நகரை அடைந்தார். 1934 இல் அங்கு நடந்த கண்காட்சியொன்றில் அவருடைய படைப்புகள் சிலவற்றை அகற்றுமாறு செருமானியத் தூதரகம் அழுத்தம் கொடுத்தது. 1938 இல் பிரித்தானியாவுக்குச் சென்ற அவர், போருக்குப் பின் கிழக்கு செருமனிக்குத் திரும்பினார்.

அரசின் கையில் ஒட்டோவியம்

இக்கலை எப்போதும் அதிகாரத்துக்கு எதிராகவே நின்றது என்று கூற இயலாது. சோவியத் ஒன்றியத்தில் குஸ்டாவ் குளுட்சிஸ் என்னும் லாத்வியக் கலைஞர் ஐந்தாண்டுத் திட்டங்களைப் புகழும் சுவரொட்டிகளை இதே முறையில் ஆக்கினார். 1930 இல் வெளியான அவருடைய சுவரொட்டியொன்றில் உயர்த்திய கைகள் பல நிறைந்துள்ளன. அவற்றுக்கு அவர் தம் கையையே ஒளிப்படம் எடுத்துப் பயன்படுத்தினார். 1938 சனவரியில் அவர் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் புகழ்ந்த அரசே அதனைச் செய்தது.

அதே காலத்தில், கொல்லப்பட்ட அரசியல் தலைவர்களின் உருவங்கள் அரசு ஒளிப்படங்களிலிருந்து நீக்கப்பட்டு வந்தன. ஒட்டோவியமும் இத்தகைய திருத்தமும் ஒரே கருவிகளைப் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, வெட்டிய விளிம்பு கண்ணுக்குத் தெரிகின்றதா என்பதே ஆகும். அரசியல் ஒட்டோவியம் தன் தையலை மறைப்பதில்லை. பொய்ப்படம் அதை மறைப்பதையே தொழிலாகக் கொண்டுள்ளது.

தமிழ்நாட்டில் தேர்தல் காலச் சுவரொட்டிகளும் பதாகைகளும் ஒட்டு முறையில் அமைந்தவையே. கட்சித் தலைவரின் படம் பெரிதாகவும், மாவட்டச் செயலாளர், வட்டச் செயலாளர் என நிலை இறங்க இறங்கப் படங்கள் சிறிதாகவும் அமைவது வழக்கம். உருவத்தின் அளவால் பொருள் உணர்த்தும் அதே உத்தி இங்கு உள்ளது. ஆனால் இதில் அளவு கட்சியின் படிநிலையை உறுதிப்படுத்துகின்றது. ஹோக்கின் படத்தில் அது படிநிலையைக் கவிழ்க்கின்றது.

அமெரிக்கா

1963 இல் வாசிங்டன் நோக்கிய குடியுரிமைப் பேரணியை ஒட்டி, நியூயார்க்கின் ஆப்பிரிக்க அமெரிக்க ஓவியர்கள் சிலர் ஸ்பைரல் என்னும் குழுவை அமைத்தனர். அதன் உறுப்பினரான ரோமரே பியர்டன், குழுவினர் அனைவரும் சேர்ந்து ஓர் ஒட்டோவியம் செய்யலாம் என முன்மொழிந்தார். மற்றவர்கள் ஆர்வம் காட்டாததால் தாமே அதனைத் தொடர்ந்தார். 1964 இல் காட்சிக்கு வைக்கப்பட்ட அவருடைய படங்களில் கறுப்பின மக்களின் முகங்கள் இதழ்த் துண்டுகள் பலவற்றால் ஆக்கப்பட்டுள்ளன. சிதறடிக்கப்பட்ட மக்களின் வரலாற்றுக்கு இம்முறை பொருத்தமானதாகக் கருதப்பட்டது.

வியட்நாம் போர்க் காலத்தில் மார்த்தா ரோஸ்லர் 1967 முதல் 1972 வரை ஒரு வரிசையை ஆக்கினார். வீட்டு அலங்கார இதழ்களின் அழகிய வரவேற்பறைகளுக்குள் லைஃப் இதழில் வந்த போர்ப்படங்களை அவர் ஒட்டினார். ஒரு படத்தில் ஒரு பெண் திரைச்சீலையைத் தூய்மை செய்கின்றார். திரை விலகிய சாளரத்தின் வெளியே போர்வீரர்கள் நிற்கின்றனர். இவை முதலில் கலைக்கூடங்களில் வைக்கப்படவில்லை. படியெடுத்துப் போர் எதிர்ப்புக் கூட்டங்களில் வழங்கப்பட்டன. 2000களில் ஈராக், ஆப்கானித்தான் போர்களின்போது ரோஸ்லர் இதே முறையை மீண்டும் கையாண்டார்.

இந்தியா

செய்தித்தாளை நம்பியே வாழும் இக்கலை, செய்தித்தாள் தணிக்கை செய்யப்படும்போது தன் மூலப்பொருளை இழக்கின்றது. 1975 சூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை இந்தியாவில் நடைமுறையில் இருந்த நெருக்கடி நிலை இதற்கு எடுத்துக்காட்டு ஆகும். 1975 சூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தன் தலையங்கப் பகுதியை வெற்றிடமாக விட்டு வெளியிட்டது. அச்சில் வராத நிகழ்வை வெட்டியெடுக்க இயலாது. வெட்டியெடுக்கக் கூடியதாக எஞ்சியது அந்த வெற்றிடம் மட்டுமே.

சி. கே. ராஜன்

கேரளத்தில் பிறந்து ஐதராபாத்தில் பணியாற்றிய சி. கே. ராஜன், 1980களின் இறுதியில் இயங்கிய இந்தியத் தீவிர ஓவியர் சிற்பியர் சங்கத்தில் இருந்தவர். இந்தியாவில் 1991 இல் பொருளாதாரத் தாராளமயம் தொடங்கிய பின், நாளிதழ்களிலும் இதழ்களிலும் வெளிவந்த விளம்பரப் படங்களைக் கொண்டு சிறிய அளவிலான ஒட்டோவியங்களை அவர் ஆக்கினார். "மிதமான அச்சங்கள்" எனப் பொருள்படும் தலைப்புக் கொண்ட இவ்வரிசையில், மனித உடலின் பகுதிகள் கட்டடங்களுக்கு நிகரான அளவில் நகரத் தெருக்களிலும் அறைகளிலும் தோன்றுகின்றன. துப்பாக்கியோ குருதியோ இல்லாத ஒரு மாற்றம், வாழிடத்தை எவ்வாறு அந்நியமாக்குகின்றது என்பதை இவை காட்டுகின்றன. 2007 இல் செருமனியின் காசல் நகரில் நடைபெற்ற பன்னிரண்டாவது டாக்குமென்டா கண்காட்சியில் இவை இடம்பெற்றன.

விவான் சுந்தரம்

1992 திசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அம்மாதத்திலும் 1993 சனவரியிலும் பம்பாயில் கலவரங்கள் நிகழ்ந்தன. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தின் கணக்குப்படி 900 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள், 45 பேரின் அடையாளம் அறியப்படவில்லை, மற்றவர்கள் ஐவர்.

அக்கலவரத்தில் கொல்லப்பட்டுத் தெருவில் கிடந்த ஒருவரைப் பத்திரிகை ஒளிப்படக் கலைஞர் ஹோஷி ஜால் எடுத்த படம் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வெளியானது. தில்லிக் கலைஞரான விவான் சுந்தரம் (1943 – 2023) அப்படத்தையே மையமாகக் கொண்டு 1993 இல் "மெமோரியல்" என்னும் நிறுவல் படைப்பை ஆக்கினார். அந்த ஒரே ஒளிப்படம் இதில் பலமுறை திரும்ப வருகின்றது. சில படிகளின் மேல் ஆணிகள் அடிக்கப்பட்டுள்ளன. சில கண்ணாடிக்குள் வைக்கப்பட்டுள்ளன. பயணத்துக்குப் பயன்படும் தகரப் பெட்டிகளை அடுக்கி ஒரு நுழைவாயில் கட்டப்பட்டுள்ளது. பார்வையாளர் அடக்கத் தலமொன்றினுள் நடந்து செல்வது போல இதனைக் கடந்து செல்கின்றார்.

அரசுகள் நினைவிடம் எழுப்புவது தலைவர்களுக்கும் போர்வீரர்களுக்கும் ஆகும். இங்கு, தெருவில் கிடந்த பெயர் அறியப்படாத ஒருவருக்கு அது எழுப்பப்பட்டுள்ளது. மறுநாள் பழைய தாளாகிவிடும் செய்திப்படம் இதன்மூலம் மறையாமல் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. இப்படைப்பு பின்னர் இலண்டனின் டேட் கலைக்கூடத்தின் தொகுப்பில் சேர்க்கப்பட்டது.

இலங்கைத் தமிழர் சூழல்

இலங்கையின் வடக்கில் நெருக்கடி பல ஆண்டுகள் நீடித்தது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 அக்டோபர் 30 அன்று தொடங்கிய இடப்பெயர்வில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கிச் சென்றனர். போர் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்தது. வீட்டோடு குடும்ப ஒளிப்படங்களையும் உறுதிப் பத்திரங்களையும் இழந்த மக்களுக்கு, வெட்டி ஒட்டுவதற்கான தாள்களே எஞ்சவில்லை. ஆகவே இங்கு தோன்றிய கலை, துண்டுகளை மக்களிடமிருந்தே திரட்ட வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்த ஓவியர் தா. சனாதனன் இவ்வகையில் முக்கியமானவர். 1969 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த இவர் தில்லியில் ஓவியம் பயின்றார். 2004 இல், மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த கண்காட்சியில், யாழ்ப்பாண வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த நூற்றுக்கணக்கான பொருள்களைத் தொகுத்துக் காட்சிப்படுத்தினார். நூல்கள் எரிந்த கட்டடத்தில் மக்களின் பொருள்கள் நூல்களுக்குப் பதிலாக நின்றன. பின்னர் கனடாவின் வான்கூவர் நகரிலும், புலம்பெயர்ந்த தமிழர் கொடுத்த பொருள்களைக் கொண்டு இதைப் போன்ற படைப்பொன்றை ஆக்கினார்.

2011 இல் ரேக்கிங் லீவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட இவருடைய "தி இன்கம்ப்ளீட் தோம்பு" என்னும் கலைநூல் இத்தொடர்ச்சியில் அமைந்தது. தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் இலங்கையில் பேணப்பட்ட காணிப் பதிவேடு ஆகும். நூலுக்காக, போரினால் வீடிழந்த தமிழரும் முஸ்லிம்களுமாக 80 பேர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். ஒவ்வொன்றோடும் கட்டடக் கலைஞர் வரையும் முறையிலான அளவுப்படமும், அவர்களின் கதையைக் கேட்டுச் சனாதனன் வரைந்த ஓவியமும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. கண்டிப்பான வரையறையின்படி இது ஒட்டோவியம் அன்று. ஆயினும் ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று சான்றுகளை அடுக்கி, அவற்றின் இடைவெளியில் பொருளைத் தோற்றுவிக்கும் முறை ஒட்டோவியத்துக்குரியதே. கிணறு, வேப்பமரம், சாமியறை ஆகியவை கட்டடக் கலைஞரின் கோட்டுக்குள் அடங்குவதில்லை. வீட்டுக்காரரின் கைப்படத்தில் அவையே பெரிதாக நிற்க முடியும். அரசின் தோம்பு காணியின் உரிமையைப் பதிந்தது. இத்தோம்பு இழப்பைப் பதிகின்றது.

விவாதங்கள்

இக்கலை குறித்துப் பின்வரும் கேள்விகள் தொடர்ந்து எழுப்பப்படுகின்றன.

- இறந்தவரின் உரிமை: கொல்லப்பட்டவரின் படத்தை அவருடைய உறவினரின் இசைவின்றிக் கலைப்பொருளாக்கலாமா என்பது முதல் கேள்வி. மறதியிலிருந்து காப்பது என்பது ஒரு வாதம். துயரத்தைக் காட்சிப் பொருளாக்குவது என்பது எதிர்வாதம்.
- கண்டவர் யார்: ஹோக் பெர்லினில் வாழ்ந்தவர், ரோஸ்லர் போரை இதழ்களில் மட்டுமே கண்டவர். செய்திப்படத்தைப் பார்ப்பதும் ஒருவகைச் சாட்சியமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.
- பதிப்புரிமை: மூல ஒளிப்படத்தை எடுத்தவரின் உரிமையும் பெயரும் ஒட்டோவியத்தில் பெரும்பாலும் மறைந்து போகின்றன. மெமோரியல் படைப்பில் ஹோஷி ஜாலின் பெயர் நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.
- நம்பகத்தன்மை: 1990 இல் வெளியான போட்டோசாப் மென்பொருளும், 2020களில் பரவிய செயற்கை நுண்ணறிவுப் படிமங்களும் விளிம்பே தெரியாமல் படங்களை இணைக்க வழி செய்தன. இதனால் கையால் வெட்டப்பட்ட தாளின் மதிப்பு மீண்டும் பேசப்படுகின்றது.

பாதுகாப்பு

நாளிதழ்த் தாள் மலிவான மரக்கூழால் ஆனது. அதிலுள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டுச் சிதைந்து, தாளை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்கின்றது. தாளில் உருவாகும் அமிலம் அருகிலுள்ள துண்டுகளையும் பாதிக்கின்றது. இரப்பர்ப் பசை காலப்போக்கில் கறை விடும். மாவுப்பசையைப் பூச்சிகள் அரிக்கும். ஆகவே ஒட்டோவியங்கள் குறைந்த ஒளியில், ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில், அமிலமற்ற அட்டைகளின் மேல் வைக்கப்படுகின்றன. பலவற்றை நீண்ட நாள் காட்சிக்கு வைப்பதில்லை. ஒரு நாளுக்கென அச்சிடப்பட்ட தாளை நூறாண்டு காப்பது கலைக்கூடங்களுக்குக் கடினமான பணியாகவே உள்ளது.

இவற்றையும் பார்க்கவும்

- டாடாயியம்
- கியூபிசம்
- தஞ்சாவூர் ஓவியம்
- நிறுவல் கலை
- நெருக்கடி நிலை (இந்தியா)
- யாழ் பொது நூலகம் எரிப்பு
- யாழ்ப்பாண இடப்பெயர்வு, 1995